சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு குழி

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் டார்ச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளுக்கே திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். அது கார் செய்கிற தொழிற்சாலை. பெயிண்ட் அடித்து, சூட்டில் உலர்ந்து, வரிசையாக நகர்ந்து வருகிற ஒவ்வொரு கார் உடலையும் பார்த்து, மேடோ பள்ளமோ தூசியோ வழிசலோ இருந்தால் மெழுகுப் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். பதினேழு வருஷமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இந்த வேலைக்குக் கண்ணைவிடக் கால்தான் முக்கியம் என்பாள். நின்ற இடத்தில் நின்று பார்த்தால் எந்தக் காரும் அழகாகத்தான் இருக்கும். வெளிச்சம் நேரே வந்து விழுகிற கதவில் கட்டைவிரல் அளவு குழி இருந்தால்கூடத் தெரியாது. ஒரு எட்டு நகர வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், விளக்கு அந்தக் கதவின்மேல் படுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு இடம் பார்த்து நிற்க வேண்டும். அப்போது குழியின் ஒரு கரை வெளுக்கும், மறுகரை கறுக்கும். இன்னொரு எட்டு வைத்தால் மறுபடி காணாமல் போய்விடும். வெள்ளை வண்டி பொய் சொல்லும், கறுப்பு வண்டி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் என்றெல்லாம் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. தலைக்கு மேலே இருக்கிற விளக்குகள் போதாது என்று இடது கையில் எப்போதும் ஒரு டார்ச் வைத்திருப்பாள். பெயர் அப்படித்தான் வந்தது.

சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்ததும் இந்தக் கண்ணை லாக்கரில் கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. பஸ்ஸில் முன் சீட்டின் முதுகு, ஹோட்டல் மேஜை, சொந்தக்காரர் வீட்டுச் சுவர் என்று எதைப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுவிடும். பட்டதை வாய் சொல்லிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகப் புது ஃபிரிட்ஜ் வாங்கிக் கூப்பிட்டுக் காட்டியபோது, “நல்லா இருக்கு சார். கீழ்க்கதவுல ஒரு சின்ன நசுங்கல் இருக்கே, பார்த்தீங்களா?” என்று கேட்டுவிட்டாள். பாவம், அவர் பார்த்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அந்த ஃபிரிட்ஜில் நசுங்கலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இரண்டு மாதம் இவளோடு பேசவுமில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான், அதனால் கண்ணைப் பற்றி அவனுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. “உனக்குத் தெரியறது எதுவும் எனக்குத் தெரியறதில்ல. நான் நிம்மதியா இருக்கேன்” என்பான்.

அவனுக்கு ஒரே அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வயது நாற்பத்தொன்பது. கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, வெயிலில் கறுத்த கைகள். அறுநூறு பிள்ளைகளை ஒரே ஊதலில் அசையாமல் நிற்க வைப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தைந்து வயதில் ஒரு தடவை சொன்னாள், அதற்கப்புறம் யாருக்கும் அந்தப் பேச்சை எடுக்கத் தைரியம் வரவில்லை. டார்ச்சக்கா அவளை அண்ணி என்று கூப்பிட்டாள். மரியாதைக்குக் குறைவில்லை, பிரியத்தில்தான் கொஞ்சம் குறைவு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணி சாப்பாட்டு மேஜை வாங்கி, இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். இவள் உட்கார்ந்து இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டாள். “அண்ணி, அந்த ஓரத்துல பாலிஷ் சரியா ஏறலை போல.”

“நீ சாப்பிட வந்தியா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியா?” என்று அண்ணி கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அதற்கப்புறம் பேச்சு வார்த்தை எல்லாம் ‘சௌக்கியமா, சௌக்கியம்’ என்கிற அளவில் நின்றுவிட்டது.

இப்படியே ஆறு வருஷம் போன பிறகு, அண்ணி இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பழைய தண்ணீர்க் குழாய்களை எல்லாம் மாற்ற ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்குத் தண்ணீர் வராது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். தம்பி போய் வற்புறுத்தியதில், இரண்டு பைகளோடும் ஒரு மூட்டை விளையாட்டு உடுப்போடும் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கிழக்குப் பக்கத்து அறையை ஒழித்துக்கொடுத்தார்கள். அதில் ஒற்றை ஜன்னல். காலையில் வெயில் நேராக உள்ளே வந்து எதிர்ச் சுவரைத் தொடும்.

வந்த நாலாவது நாள் காலை, ஏழு மணி இருக்கும். இஸ்திரிப் பெட்டி அந்த அறையில் இருந்தது. டார்ச்சக்கா கதவைத் தட்டினாள்.

“வா, வா. நான் கிளம்பிக்கிட்டிருக்கேன்.”

அண்ணி சட்டை போடுவதற்கு முன்னால், உள்ளாடையோடு நின்று, இரண்டு கைகளையும் தூக்கித் தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். டார்ச்சக்கா பார்வையைத் தாழ்த்திக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள், நிமிர்ந்தாள். ஜன்னல் வெயில் அண்ணியின் இடது பக்கமாக வந்து, உடம்பைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு போனது. அந்த வெளிச்சத்தில், இடது மார்பின் மேலே, அக்குளை நோக்கிப் போகிற இடத்தில், சின்னதாக ஒரு குழி. மாவில் விரல் நுனியை வைத்து அழுத்தி எடுத்தால் இருக்குமே, அது மாதிரி. ஒரு கரை வெளுப்பு, ஒரு கரை நிழல்.

அண்ணி கையை இறக்கிவிட்டுத் திரும்பினாள். ஒன்றுமில்லை. வழவழவென்று இருந்தது.

“என்ன, பெட்டி சூடா இருக்கா? அப்படியே நிக்கிற?”

“இல்ல அண்ணி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இஸ்திரி போடும்போது அவளுக்குச் சட்டையில் கவனம் இல்லை. இதெல்லாம் என் புத்தி, எதைப் பார்த்தாலும் எனக்குக் குழிதான் தெரியும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அவள் வேலையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு தடவை பார்த்ததை நம்பி வட்டம் போட மாட்டாள். சுற்றி வந்து, முதலில் நின்ற அதே இடத்தில் நின்று மறுபடி பார்ப்பாள். இரண்டு தடவையும் இருந்தால்தான் அது இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கம் அவளைச் சும்மா விடவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். வானம் மூடியிருந்தது. அறை முழுக்க ஒரே மாதிரி, நிழலே இல்லாத சாம்பல் வெளிச்சம். அண்ணி அதே இடத்தில் நின்று முடி கட்டினாள். எதுவும் தெரியவில்லை. டார்ச்சக்காவுக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆனாலும் இந்த வெளிச்சத்தில் அவள் எந்த வண்டியையும் ‘சரி’ என்று அனுப்பியிருக்க மாட்டாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த நாள் வெயில் வந்தது. துவைத்த துண்டுகளை அடுக்குகிற சாக்கில் போனாள். அண்ணி கையைத் தூக்கினாள். அதே இடம், அதே அளவு. மறுபக்கம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக டார்ச்சக்கா தன்னையறியாமல் இரண்டு எட்டு நகர்ந்து, முழங்காலை மடக்கிக் குனிந்தாள்.

“ஏய், என்ன பண்ற நீ?”

அப்போதுதான் தான் எப்படி நிற்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது. “துண்டு... கீழே விழுந்துடுச்சு அண்ணி.”

“துண்டு உன் கையில இருக்கு.”

டார்ச்சக்கா துண்டைப் பார்த்தாள். துண்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று வேலையில் ஒரு நீல வண்டியின் பின்கதவுக் குழியை அவள் பார்க்காமல் விட்டுவிட்டாள். பதினேழு வருஷத்தில் இப்படி நடந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த கட்டத்தில் பிடித்துவிட்டார்கள். வரிசை மேற்பார்வையாளர் அவளிடம் வந்து, “என்ன டார்ச்சு, பேட்டரி தீர்ந்துபோச்சா?” என்று கேட்டார். வழக்கமாக இப்படிக் கேட்டால் அவள் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பாள். அன்று, “ஆமா சார்” என்று மட்டும் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “உடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் காதுவரை சிவந்துபோய்க் கேட்டான். 

“நீயே அக்காகிட்ட சொல்லிடேன். நான் எப்படிச் சொல்றது இதை?”

“நான் சொன்னா நொட்டை சொல்றேன்னு நினைப்பாங்க.”

“சொல்லித்தானே ஆகணும்?”

“ஒண்ணுமே இல்லாம இருந்தா?”

“லிஃப்ட்ல ஒரு சத்தம் கேக்குது, ஆனா என்னன்னு தெரியலைன்னு வெச்சுக்க. நான் ஆளை ஏத்த மாட்டேன். திறந்து பார்ப்பேன். ஒண்ணும் இல்லன்னா மூடிடுவேன். யாராவது திட்டினா திட்டிட்டுப் போகட்டும்” என்றான் அவன்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள். சமையலறையில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கணவன் வேண்டுமென்றே வெளியே போயிருந்தான். டார்ச்சக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே பார்த்தேன், எப்படித் தெரிந்தது, எத்தனை தடவை பார்த்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலையில் எழுதுகிற குறிப்பு மாதிரியே வந்தது. அதைவிட மென்மையாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணியின் முகம் இறுகிக்கொண்டே போனது.

“ஆக, அதுக்குத்தான் தினமும் காலையில வந்து நின்னியா?”

“அண்ணி...”

“மேஜையில கண்டுபிடிச்ச, சரி. என் வீட்டு ஜன்னல் கண்ணாடியில கண்டுபிடிச்ச, சரி. இப்ப என் உடம்புலயேவா? நான் என்ன உங்க கம்பெனியில செஞ்ச வண்டியா? தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடறேன். ஒரு காய்ச்சல்னு படுத்ததில்ல. எனக்கு ஒரு வலி இல்ல, ஒண்ணு இல்ல.”

“வலி இருக்காதுன்னு சொல்றாங்க அண்ணி.”

“யாரு சொல்றாங்க?”

“எல்லாருமே சொல்றாங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட...”

“போதும்.” அண்ணி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள், ஆனால் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அண்ணி வரவில்லை. தம்பி தட்டில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் டார்ச்சக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி வந்து வாசல்படியில் நின்றாள். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

“காலையிலேருந்து கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துட்டேன். எதுவும் இல்ல.”

“சரி அண்ணி.”

“இல்லன்னு நீயும் பார்த்துடு. அப்புறம் இந்தப் பேச்சே வரக்கூடாது. உன் டார்ச்சை எடுத்துக்கிட்டு வா.”

குளியலறையில் ஜன்னல் கிடையாது. கண்ணாடிக்கு மேலே நீளமாக ஒரு டியூப்லைட். அண்ணி டியூப்லைட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு நேரே நின்றாள். டார்ச்சக்காவும் பின்னாலிருந்து பார்த்தாள். உண்மைதான், எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் முன்னாலிருந்து அப்படியே பூசின மாதிரி விழுந்தது.

“பார்த்தியா?”

“லைட்டை அணைக்கட்டுமா அண்ணி?”

அணைத்தாள். இருட்டில் இருவரும் மூச்சுவிடுவது கேட்டது. டார்ச்சக்கா பக்கவாட்டில் போய், சுவரோடு ஒட்டி நின்று, தோள் உயரத்தில் டார்ச்சைப் பிடித்தாள். “கையைத் தூக்குங்க. இன்னும் மேலே. ம்... இப்ப கொஞ்சம் முன்னாடி சாயுங்க.”

டார்ச்சக்காவுக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவையாகவும் அதே இடத்தில். அண்ணி கண்ணாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியலையே.”

“நீங்க நிக்கிற இடத்துலேருந்து தெரியாது. உங்க ஃபோனைக் குடுங்க.”

தன் கண் இருந்த இடத்தில் ஃபோனை வைத்துப் படம் எடுத்தாள். அப்புறம் டார்ச்சை மறுபக்கம் கொண்டுபோய், வலது பக்கத்தையும் அதே மாதிரி எடுத்தாள். விளக்கைப் போட்டுவிட்டு ஃபோனை நீட்டினாள். அண்ணி முதல் படத்தைப் பார்த்தாள். விரலால் தள்ளி இரண்டாவதைப் பார்த்தாள். மறுபடி முதலாவதற்கு வந்தாள். அப்படி எத்தனை தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. டார்ச்சக்கா துண்டை எடுத்து அண்ணியின் தோளில் போர்த்தினாள். அண்ணி அதைத் தட்டிவிடவில்லை.

“நாளைக்கு லீவு சொல்லிடறேன்” என்றாள் கடைசியில்.

மறுநாள் காலை இருவருமாகப் பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் அம்மாவுக்கு அண்ணியின் வயதுதான் இருக்கும். நிதானமான பேச்சு. படுக்க வைத்து, உட்கார வைத்து, விரல்களால் பொறுமையாக அழுத்திப் பார்த்தார்.

“கையில கட்டி எதுவும் தட்டுப்படலையே. எதுக்காக வந்தீங்க? வலியா?”

அண்ணி டார்ச்சக்காவைப் பார்த்தாள். டார்ச்சக்கா ஃபோனை எடுத்துக் காட்டினாள். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அந்த அறையின் கூரை முழுக்க வெள்ளை விளக்குகள். ஒருவர் நிழல்கூடத் தரையில் விழாது.

“படத்துல சில சமயம் நிழல் ஏமாத்தும்” என்றார்.

டார்ச்சக்கா, தன் வேலையிடத்தில் யாராவது வெளியாள் வந்து இப்படிப் பார், அப்படிப் பார் என்று சொன்னால் தனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைத்த பிறகும் கேட்டாள்.

“டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இந்த லைட்டையெல்லாம் ஒரு நிமிஷம் அணைச்சுட்டு, பக்கத்துலேருந்து ஒரு வெளிச்சம் வெச்சுப் பார்க்கலாமா? அவங்க கையைத் தூக்கியிருக்கும்போது?”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

“கார் கம்பெனியில. பெயிண்டுல பள்ளம் இருக்கான்னு பார்க்கிற வேலை.”

டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எழுந்துபோய், தானே விளக்குகளை அணைத்தார். நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். டார்ச்சக்கா பையிலிருந்து டார்ச்சை எடுத்து டாக்டரிடமே கொடுத்துவிட்டாள்.

“கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க டாக்டர். இன்னும் பின்னாடி. நீங்க இந்தப் பக்கம் வாங்க.”

டாக்டர் வந்து நின்றார். குனிந்தார். டார்ச்சைக் கொஞ்சம் மேலே கொண்டுபோனார், குழி மறைந்தது. கீழே இறக்கினார், வந்தது. மூன்று தடவை அப்படிச் செய்தார். பிறகு ஒரு பேனா கேட்டு வாங்கி, அந்த இடத்தைச் சுற்றி அண்ணியின் தோலில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

“இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடலாம்” என்றார். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. பயமுறுத்துகிற தொனியும் இல்லை.

ஸ்கேனில் இருந்தது. ஆழத்தில், ஒரு கடலைப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய்தான். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார்.

“இது உள்ளே ஆழமா இருக்கு, அதனாலதான் கைக்குத் தட்டுப்படலை. ஆனா தோலை உள்ளேயிருந்து ஒரு நூல் பிடிச்சு இழுக்கிற மாதிரி இழுக்குது. கையைத் தூக்கினா அந்த நூல் இறுகும், மேலே குழி விழும். ரொம்ப லேசான குழி. சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்.”

ஆட்டோவில் வரும்போது அண்ணி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் திடீரென்று சொன்னாள்: “நீ பார்க்காம இருந்திருந்தா, இன்னிக்கு எனக்கு எந்தக் கவலையும் இருந்திருக்காது. ஸ்கூல்ல இன்னிக்கு ரிலே பிராக்டிஸ்.”

டார்ச்சக்காவுக்குச் சுருக்கென்றது. அழுகை வரும்போல இருந்தது. அண்ணிக்கும் தான் சொன்னது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோ வீட்டு வாசலில் நின்றதும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“கையைக் குடு” என்றாள். டார்ச்சக்கா கொடுத்தாள். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். அவளுக்கு இறங்க ஆள் துணை தேவையே இல்லை, இருவருக்கும் அது தெரியும்.

அடுத்த பதினைந்து நாளில் அறுவை சிகிச்சை. கட்டியையும் அதைச் சுற்றி ஒரு விளிம்பையும், அக்குளிலிருந்து மூன்று நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். முடிச்சுகளுக்கு நோய் பரவவில்லை என்று அறிக்கை வந்த அன்று, லிஃப்ட் மெக்கானிக் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து சத்தமாக அழுதுவிட்டான். அக்கா உள்ளேயிருந்து, “யாருடா அது அழறது? இங்க நோயாளிங்க தூங்கணும்” என்று குரல் கொடுத்தாள். விசில் இல்லாமலே அவன் அழுகை நின்றுபோனது.

அண்ணியின் கட்டடத்தில் குழாய் வேலை எப்போதோ முடிந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணி கிழக்கு அறையிலேயே இருந்தாள். டார்ச்சக்கா காலை ஷிஃப்டை மத்தியானத்துக்கு மாற்றிக் கேட்டாள். மேற்பார்வையாளர் காரணம்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு வாரம் ஐந்து நாள் போக வேண்டியிருந்தது. காத்திருக்கிற வரிசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி வரிசையில் இருப்பவர்களையெல்லாம் மூச்சுப் பயிற்சி செய்ய வைத்தாள். ஒரு நாள் டார்ச்சக்காவின் காதருகில் வந்து, “அந்தச் சுவர்ல என்ன இருக்கு, சொல்லு. பொழுதாவது போகட்டும்” என்றாள்.

“எந்தச் சுவர்?”

“நீ வந்ததுலேருந்து பார்த்துக்கிட்டே இருக்கியே, அந்தச் சுவர்.”

டார்ச்சக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “நடுவுல ஒரு இடத்துல பட்டி சரியா தேய்க்கலை. ஜன்னல் பக்கத்து நாற்காலியிலேருந்து பார்த்தா தெரியும்.”

அண்ணி எழுந்துபோய் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அங்கிருந்தே கையை ஆட்டி, “ஆமாம், தெரியுது!” என்று கத்தினாள். வரிசையில் இருந்த மூன்று பேர் என்னவோ ஏதோ என்று எழுந்து பார்த்தார்கள்.

சிகிச்சை முடிந்தபோது தோல் கொஞ்சம் கறுத்திருந்தது. உடம்பு களைத்திருந்தது. அதைவிட அண்ணியை வாட்டியது இடது கை. அக்குளில் தழும்பு இறுகி, கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்தது. இனி ஐந்து வருஷம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனை என்று டாக்டர் சொன்னதை அவள் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாள். கை தூக்க முடியாத விளையாட்டு டீச்சர் எதற்கு என்றுதான் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் ஒரு வழி காட்டினாள். சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களை எறும்பு ஏறுகிற மாதிரிச் சுவரில் மெல்ல மேலே ஏற்ற வேண்டும். எதுவரை போகிறதோ அங்கே ஒரு கோடு. வீட்டுச் சுவரில் முதல் நாள் கோடு அண்ணியின் மூக்கு உயரத்தில் நின்றது. வலது கை எட்டுகிற உயரத்தில் தம்பி நாற்காலி போட்டு ஏறி ஒரு தடித்த கோடு போட்டான். இரண்டுக்கும் நடுவே வெறுஞ்சுவர்.

தினமும் காலையில் அண்ணி ஏறினாள். டார்ச்சக்கா பென்சிலோடு பக்கத்தில் நின்றாள். சில நாள் ஒரு விரல் அகலம் கூடும். சில நாள் முந்தின நாளைவிடக் கீழேயே நின்றுவிடும். அப்போது அண்ணி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். “விடுங்க அண்ணி, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றால், “நீ உன் பென்சிலைப் பார்” என்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருநாள் பார்க்க வந்தபோது, கோடுகளைப் பார்த்து, “மிஸ், நீங்க வளர்றீங்களா?” என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் பல வாரத்துக்கப்புறம் அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தால் தழும்பு இழுக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

பதினோராவது வாரம், ஒரு புதன்கிழமை. அண்ணி சுவரோடு ஒட்டி நின்றாள். விரல்கள் ஏறின. மூக்கு, நெற்றி, உச்சந்தலை எல்லாம் தாண்டி, நேற்றைய கோட்டையும் தாண்டின. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. டார்ச்சக்கா நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள்.

“எங்க இருக்கேன்?”

“இன்னும் கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“ஒரு நகம்.”

அண்ணி மூச்சை இழுத்தாள். நடுவிரல் தடித்த கோட்டைத் தொட்டு, அதன்மேல் ஏறி நின்றது. கை இறங்கவில்லை.

“போடு” என்றாள்.

டார்ச்சக்கா கோட்டைப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அண்ணி கையை இறக்கி, தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டாகப் பத்து நிமிஷம் இருந்தது.

“திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போறேன். தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ போய் டீயை வை, நான் குளிச்சுட்டு வந்துடறேன்.”